கரிசல் காட்டில் கொக்கு

திருமங்கலத்தைச் சுற்றியுள்ள கரிசல் காடுகளில் டிராக்டர் உழும்போது பின்னாலேயே உண்ணிக்கொக்குகள் வரும். புரண்டு விழும் கட்டியில் புழு பூச்சி பொறுக்கத்தான். புதிதாகக் கேமரா வாங்கியவர் ஆசையோடு எடுக்கும் படமும் அதுதான், ஏமாறுவதும் அங்கேதான். திரையில் பார்த்தால் கறுத்த மண் சாம்பலாக வெளுத்திருக்கும். கொக்கு நின்ற இடத்தில் வெறும் வெள்ளைத் திட்டு. இறகு ஒன்றுகூடப் பிரிந்து தெரியாது.

கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி செய்கிற வேலை அது. எதிரே இருப்பது மண்ணா கொக்கா என்று அதற்குத் தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம், அதாவது விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பரப்பு, என்றே எடுத்துக்கொள்ளும். கரிசலைக் கண்டதும் வெளிச்சம் போதவில்லை என்று கூடுதலாக உள்ளே விடும். அதே கொக்கை லென்ஸ் நிறைய நெருக்கிப் பிடித்தால் கதை தலைகீழ்: வெள்ளை மிகுந்துவிட்டதென்று ஒளியைக் குறைக்கும், கொக்கு அழுக்கு வேட்டி நிறத்தில் வரும்.

இதற்குத்தான் பிளஸ், மைனஸ் போட்ட பட்டன். பரந்த கரிசலில் சின்னக் கொக்கு என்றால் மைனஸ் 1, ஒளி பாதியாகும். கொக்கே படத்தை நிறைத்தால் பிளஸ் 1, இரண்டு மடங்காகும். பறக்கும்போது சிறகு கலங்காமல் நிற்க ஷட்டர் 1/1000 நொடியாவது வேண்டும். அதில் குறையும் ஒளியை லென்ஸின் துளையை அகலமாக்கியோ ஐஎஸ்ஓ என்னும் ஒளியுணர்வு அளவை ஏற்றியோ சரிக்கட்டலாம். ஐஎஸ்ஓ ரொம்ப ஏறினால் படம் புள்ளிபுள்ளியாகிவிடும்.

போட்டோ எடுத்தால் மனசு லேசாகிறது என்கிறார்களே, அது இந்தக் கணக்கில்தான் கிடைக்கிறது என்பது என் கட்சி. எவ்வளவு கறுப்பு, எவ்வளவு வெள்ளை, வெயில் எந்தப் பக்கம் என்று கண் அளந்துகொண்டிருக்கையில் கடன் தவணை நினைவுக்கு வராது. செல்போன் இத்தனையும் தானே பார்த்துக்கொள்கிறது. படம் நன்றாகவே வரும். நமக்குத்தான் அங்கே வேலையில்லை.

1858-இல் மதுரையைப் படமெடுத்த கேப்டன் லின்னேயஸ் டிரைப்புக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை. மதராஸ் அரசின் போட்டோகிராபர் அவர். பெரிய கேமரா, மெழுகேற்றிய காகித நெகட்டிவ். திருமலை நாயக்கர் மகாலையோ மீனாட்சி கோயிலையோ பதிக்க நல்ல வெயிலிலும் நிமிடக்கணக்கில் லென்ஸைத் திறந்துவைத்துக் காத்திருக்க வேண்டும். குறுக்கே நடந்துபோனவர்கள் பதியவே மாட்டார்கள். அந்தக் காகித நெகட்டிவிலிருந்து அச்சிட்டால் நீல வானமும் வெறும் வெள்ளையாகிவிடும். நெகட்டிவின் மேல் மேகங்களைக் கையால் தீட்டிச் சேர்த்தார். கருவியின் குறையை மனிதன் ஈடுகட்டுவது அன்றே இருந்திருக்கிறது.

காட்டுக்குக் கிளம்புகிறவர் காலை ஏழு மணிக்குள் போய்விடுவது நல்லது. வெயில் ஏறி உழுத மண்ணில் கானல் எழுந்துவிட்டால், எவ்வளவு விலை கொடுத்த லென்ஸும் தூரத்துக் கொக்கைத் தெளிவாகத் தராது. புழுதிக்குள் நின்று லென்ஸைக் கழற்றி மாட்டவும் வேண்டாம். சென்சாரில் தூசி ஒட்டினால் ஒவ்வொரு படத்தின் வானத்திலும் கரும்புள்ளி நிற்கும். வாயால் ஊதினால் எச்சிலும் சேரும். கையால் அமுக்கும் ரப்பர் ஊதி ஒன்று பையில் இருக்கட்டும். முக்கியமாக, டிராக்டர் ஓட்டும் அண்ணனிடம் முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த சால் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் கொக்கு எங்கே இறங்கும் என்பதும் தெரிந்துவிடும்.