பிளஸ் ஒன்: வந்த தேர்வும் போன தேர்வும்

மேலூரிலும் உசிலம்பட்டியிலும் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகள் இனி மார்ச்சில் கொஞ்சம் மூச்சுவிடலாம்.

முன்பு பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டி, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருடம் உருப்போட வைத்தன. அதைத் தடுக்கத்தான் 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. நியாயமான காரணம்தான், நீட் தேர்வில் பிளஸ் ஒன் பாடமும் உண்டே! ஆனால் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என மூன்று வருடமும் விடாமல் பொதுத்தேர்வு. உயர்கல்விச் சேர்க்கைக்கு பிளஸ் ஒன் மதிப்பெண் வேண்டாம் என்று 2018-லேயே அரசு சொல்லிவிட்டது. பாரம் மட்டும் மிச்சம்.

2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தப் பாரத்தை இறக்கிவைத்தது. 2025-26 முதல் பள்ளி அளவிலேயே தேர்வு. பழைய குறுக்குவழியும் கூடவே திரும்புமோ? அதுதான் இப்போதைய கவலை.