ஓர் இசைத்தட்டும் இரு நாடுகளும்

எங்கள் மாமா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். நான் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, விடுமுறைக்கு வந்த அவர் சிறிய இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் ‘லா பாம்பா’ என்ற ஸ்பானியப் பாட்டு. ஒரு சொல்லும் விளங்காது. ஆயினும் கிதாரின் துள்ளலைக் கேட்டதும் கூடத்தில் குதிக்கத் தொடங்கிவிடுவோம்.

“இவர் எந்த நாட்டுக்காரர், மாமா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அமெரிக்கர், மெக்சிகோக்காரரும்கூட” என்றார்.

“இரண்டில் எது?” என்று நச்சரித்தேன். மாமா தட்டைத் திருப்பிப் போட்டார். மறுபக்கத்தில் ‘டோனா’ என்ற ஆங்கிலப் பாட்டு; அதே குரல்!

பாடியவர் ரிச்சி வாலன்ஸ். 1941இல் கலிபோர்னியாவில், மெக்சிகோ வழிக் குடும்பத்தில் பிறந்தவர். வெராக்ரூஸ் பகுதியின் நாட்டுப்புறப் பாடலை 1958இல் ராக் இசையில் பாடிப் புகழ்பெற்றார். மறு ஆண்டு பிப்ரவரியில், 17 வயதிலேயே விமான விபத்தில் மறைந்தார்.

இன்று குடியுரிமை பற்றி வகுப்பில் பேசும்போதெல்லாம் மாணவர்கள் என்னிடம் அதே கேள்வியைக் கேட்கின்றனர். “இரட்டைக் குடியுரிமை ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் அல்லவா, ஐயா?” இந்தியச் சட்டம் அதனை ஏற்பதில்லை, ஆதலால் அவ்வாறு தோன்றுவது இயல்பே. ஆனால் மெக்சிகோ வழி அமெரிக்கரிடையேயும் தவறான எண்ணங்கள் உண்டு. அவற்றால் விளையும் இழப்பு சிறிதன்று.

முதலாவது, அமெரிக்கக் குடியுரிமை பெற்றால் பிறந்த நாட்டு உரிமை பறிபோகும் என்ற அச்சம். ஒரு காலத்தில் அது உண்மை. அந்த அச்சத்தால், அமெரிக்காவில் பல்லாண்டு உழைத்தும் குடியுரிமை கோராமல், வாக்குரிமையின்றி வாழ்ந்தோர் பலர். 1998 மார்ச் 20 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பிறப்பால் மெக்சிகோ நாட்டினரான எவரும் அவ்வுரிமையை இழக்கமாட்டார் என்று ஆக்கியது. முன்பு இழந்தோரும் மீண்டும் பெற வழி பிறந்தது.

இரண்டாவது, அமெரிக்க உறுதிமொழி பற்றியது. பழைய நாட்டுப் பற்றுறுதியைத் துறப்பதாக அதில் சொல்லவேண்டும் என்பது மெய்யே. ஆனால் அச்சொற்களால் மெக்சிகோச் சட்டத்தின்படி எதுவும் இழக்கப்படுவதில்லை; இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று அமெரிக்கச் சட்டமும் வற்புறுத்துவதில்லை. குடிமகனின் இசைவின்றிக் குடியுரிமையைப் பறிக்க இயலாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967இல் அஃப்ராயிம் வழக்கில் தீர்ப்பளித்தது.

மூன்றாவது, மெக்சிகோ வழிவந்தவர் என்றாலே இரு நாட்டு உரிமையும் தானே வந்துவிடும் என்பது. வம்சப்பெயர் மட்டும் போதாது. பெற்றோரில் ஒருவரேனும் மெக்சிகோ நாட்டினராக இருந்து, அதனைச் சான்றுகளுடன் பதிவுசெய்தல் வேண்டும்.

நான்காவது, இதில் உரிமை மட்டுமே உண்டு, கடமை இல்லை என்பது. இரு நாட்டுச் சட்டங்களும் அவரைக் கட்டுப்படுத்தும். மெக்சிகோவுக்குள் அவர் மெக்சிகோ நாட்டினராகவே நுழையவேண்டும்; சில உயர்பதவிகள் வேறு நாட்டுரிமை உடையோர்க்கு இல்லை. அதேவேளை, அயல்நாட்டில் வாழும் மெக்சிகோ குடிமக்கள் 2006 முதல் அதிபர் தேர்தலில் அங்கிருந்தே வாக்களிக்கின்றனர்.

அரிசோனாவில் பிறந்த பாடகி லிண்டா ரான்ஸ்டாட், சிறுவயதில் வீட்டில் கேட்ட மெக்சிகோப் பாடல்களை 1987இல் ‘என் தந்தையின் பாடல்கள்’ எனப் பொருள்படும் பெயரில் வெளியிட்டார். அதனால் அவருடைய ஆங்கிலப் பாட்டுகள் அயலாகிவிடவில்லை. புகுந்த வீட்டில் விளக்கேற்றும் பெண், பிறந்த வீட்டை மறந்தாகவேண்டும் என்று நாம் சொல்வோமா?

மாமா இன்று இல்லை. தட்டிலும் கீறல் விழுந்துவிட்டது. “இரண்டில் எது?” என்று வகுப்பில் யாரேனும் கேட்டால், சட்டத்தை விளக்கிவிட்டு, அந்தத் தட்டின் கதையையும் சொல்கிறேன்.