கூடம் கோணலா, ஆட்டம் கோணலா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம்மவர் நாவில் அடிக்கடி வழங்கும் பழமொழி இது. இதைச் சொல்லி நகைப்போர் ஒன்றை எண்ணிப் பார்ப்பதில்லை. கூடம் மெய்யாகவே கோணலாக இருந்துவிட்டால் அவள் என்ன செய்வாள்? ஆட்டத்தைப் பழித்தவர் பலர். கூடத்தை அளந்து பார்த்தவர் எவருமில்லை.

நல்லூர்த் தேர் முடிந்த அன்று மாலை, இந்த வழக்கு யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் மீண்டும் எழுகின்றது. கந்தசுவாமி கோயிற் பெருந்திருவிழா 25 நாள் நிகழும்; 24ஆம் நாள் தேர். கோயிலின் உள்ளே படம் பிடிக்க அனுமதியில்லை. ஆதலால் கமராக்களெல்லாம் வெளிவீதியிலேயே காத்து நிற்கும். கப்பல் ஏறிப் போனவர்களின் பிள்ளைகள் விலையுயர்ந்த கருவிகளோடு வருவர். உள்ளூர் மாணவர் கைத்தொலைபேசியோடு நிற்பர். மாலையில் வீட்டிலிருந்து பார்த்தால் தேர் கரிய நிழலாகத் தெரியும். வெண்மணல் சாம்பலாகக் கிடக்கும். வடம் பிடித்த தந்தையின் முகம் கலங்கியிருக்கும். உடனே ஒரு தீர்ப்புப் பிறக்கும்: "இந்தக் கமரா சரியில்லை!"

இதை வெறும் விளையாட்டு என்று தள்ளிவிட இயலாது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, சுவரில் தொங்கிய படங்களையும் அலுமாரியில் இருந்த அல்பங்களையும் விட்டுவிட்டே பலர் நடந்தனர். பாட்டனார் முகத்தைப் பேரனுக்குக் காட்ட ஒரு படமேனும் இல்லாத குடும்பங்கள் இங்கு உண்டு. அத்தகைய ஊரில் ஒரு படம் கெடுவது சிறு நட்டமன்று.

என் வீட்டிலும் அந்த நட்டம் நேர்ந்தது. சப்பறத் திருவிழா இரவில், விளக்கொளியில் நின்ற ஆச்சியைப் படம் பிடித்தேன். கலங்கலாக வந்தது. கமராவைப் பழித்து அதை மருமகனிடம் கொடுத்துவிட்டேன். அடுத்த திருவிழாவுக்கு ஆச்சி இல்லை. அந்தக் கமராவோ மருமகன் கையில் மயிரிழையும் தெளியும் படங்களைத் தந்துகொண்டிருந்தது. பின்னர் ஆராய்ந்தபோதுதான் உண்மை புலப்பட்டது. அன்று ஷட்டர் விநாடியில் 8இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தது. 50 மில்லிமீற்றர் வில்லையைக் கையில் ஏந்துவோன், விநாடியில் 50இல் ஒரு பங்குக்கு மேல் அதைத் திறந்து வைத்தலாகாது என்பது இத்தொழிலின் பழைய விதி. நடுங்கியது என் கை. பழி சுமந்தது கமரா.

இவ்வழக்கில் சிக்கிய ஒருவர் இலங்கை மண்ணிலேயே உறங்குகின்றார். ஜூலியா மார்கரட் கமரன் என்னும் ஆங்கில அம்மையாருக்கு, 1863 டிசம்பரில், தமது 48ஆம் வயதில், மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தனர். அவர் பிடித்த முகங்கள் மென்மையாய் மங்கியிருந்தன. அக்காலப் புகைப்பட வல்லுநர் சிலர், அம்மையாருக்குத் தொழில் தெரியாது என்று இகழ்ந்தனர். அவருடைய முதல் வில்லை ஓரங்களைக் கூர்மையாகக் காட்ட வல்லதன்று என்பதும் மெய்யே. ஆனால் 1866 அளவில் அவர் பெரிய கமராவும் சிறந்த வில்லையும் வாங்கினார். அப்பொழுதும் அந்த மென்மை நீங்கவில்லை. தொடக்கத்தில் தற்செயலாய் வந்ததைப் பின்னர் அவர் விரும்பியே கைக்கொண்டார். 1875இல் இலங்கை வந்து, களுத்துறையிலே இந்நாட்டு எளிய மக்களையும் படம் பிடித்தார். 1879இல் காலமாகிப் பொகவந்தலாவையில் அடக்கமானார்.

அவர் வரலாற்றிலிருந்து தீர்ப்புக்கு வேண்டிய விதி ஒன்று கிடைக்கின்றது. கருவி மாறியும் குணம் மாறாவிடில் காரணம் கை. கை மாறியும் குற்றம் மாறாவிடில் காரணம் கருவி.

கருவியின் குற்றம் பிடிவாதமானது. ஒரே இடத்தில், ஒரே வகையில் திரும்பத் திரும்ப வரும். உள்ளே படிந்த தூசி, படந்தோறும் அதே மூலையில் புள்ளியாக நிற்கும். நம் ஊரின் ஈரக்காற்றில் வில்லைக்குள் பூஞ்சணம் படர்ந்தால், எல்லாப் படங்களிலும் மெல்லிய பனி மூடியது போலிருக்கும். கையின் குற்றமோ நாளுக்கொரு வேடம் போடும். ஒரு படத்தில் நடுக்கம், மறு படத்தில் இருள், இன்னொன்றில் முகத்தை விட்டுப் பின்னால் நின்ற தூண் தெளிவு. இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. திருநீறும் சந்தனமும் பட்ட விரலால் கைத்தொலைபேசியின் வில்லையைத் தொட்டுவிட்டுப் படம் மங்குகிறதென்று முறையிடுவோர் எத்தனை பேர்!

தேர் கறுத்ததற்கும் மணல் மங்கியதற்கும் கருவி பொறுப்பன்று. கமராவின் ஒளிமானி, தன் முன் நிற்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கருதியே கணக்கிடும். வெண்மணலும் வெள்ளை வேட்டிகளும் நிறைந்த காட்சியைக் கண்டால் அது ஒளியைக் குறைத்துவிடும், முகங்கள் இருளும். அத்தகைய இடத்தில் ஒளியை ஒரு மடங்கு கூட்டுவது பிடிப்பவன் கடமை. கோயில் கிழக்குப் பார்த்தது. காலையில் மேற்கே நின்று கிழக்கு நோக்கிப் பிடிப்பவன் சூரியனோடு மல்லுக்கு நிற்கின்றான். நாலடி நகர்ந்து நின்றால் அதே கமரா அதே தேரைப் பொன்னாகக் காட்டும்.

ஐயம் தீராதவர் சோதித்துப் பார்க்கலாம். இந்தச் செய்தித்தாளின் ஒரு பக்கத்தைச் சுவரில் நேராக ஒட்டுங்கள். நல்ல பகல் வெளிச்சத்தில் கமராவை முக்காலியில் இருத்துங்கள். கை படாமல், சில விநாடி கழித்துத் தானே இயங்கும் ஏற்பாட்டால் மூன்று படம் பிடியுங்கள். எழுத்துகள் தெளிந்தால் கமரா குற்றமற்றது. மூன்றிலும் ஒரே பக்கம் மங்கினால் அதைத் திருத்துபவரிடம் கொண்டு செல்லுங்கள். அங்கே கூடம்தான் கோணல்.

இச்சோதனைக்கு அரை மணி நேரம் போதும். ஆனால் அதைத் தேருக்கு முன்னரே செய்தல் வேண்டும். தேர் அடுத்த ஆண்டும் வரும். கமராவும் புதிதாய் வாங்கலாம். அன்று வீதியோரத்தில் கைகூப்பி நின்ற ஆச்சி மறுபடி வந்து நிற்கமாட்டாள்.