அயல்நாட்டில் போர் மூண்டால்

வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், அங்கே போர் மூண்டால் என்ன செய்வது?

1990 ஆகஸ்டு 2-ஆம் நாள் ஈராக்கியப் படை குவைத்துக்குள் புகுந்தது. அன்றே விமான நிலையம் அடைபட்டது. அங்கிருந்த இந்தியர்களில் பல்லாயிரம் பேர் பாஸ்ரா, பாக்தாத் வழியாகப் பேருந்தில் பாலைவனம் கடந்து, ஜோர்தானின் அம்மான் நகருக்குப் போய்த்தான் விமானம் ஏறினார்கள். ஏறத்தாழ 1,70,000 பேரை ஊர் சேர்க்க 488 விமானப் பயணங்கள், சுமார் இரண்டு மாதங்கள் ஆயின. கடப்பிதழை முதலாளியிடம் கொடுத்து வைத்திருந்தவர்கள் பாடு பெரும்பாடு. தூதரகம் அவர்களுக்கு வேறு பயணப் பத்திரம் எழுதித் தர வேண்டியதாயிற்று.

ஆகவே, போய் இறங்கியதும் நம் தூதரகத்தில் பெயரையும் முகவரியையும் பதியுங்கள். பதியாதவரைத் தூதரகம் எங்கே தேடும்? கடப்பிதழ் உங்கள் கையிலேயே இருக்கட்டும். நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

'புறப்படுங்கள்' என்று தூதரகம் அறிவித்தால், பயணிகள் விமானம் பறக்கும்போதே கிளம்பிவிடுங்கள். சம்பளப் பாக்கிக்காகத் தங்குவோர் உண்டு. கஷ்டம்தான், ஆனால் பாக்கியைப் பிறகும் கேட்கலாம். குண்டு விழத் தொடங்கிவிட்டால் சாலையில் இறங்காதீர்கள். சன்னலை விட்டு விலகி உள்ளறையில் இருந்து, தூதரகத்தின் தகவலுக்குக் காத்திருங்கள். தண்ணீர், மருந்து, கொஞ்சம் ரொக்கம் பக்கத்தில் இருக்கட்டும்.

ஊரிலுள்ள பெற்றோரே, மணிக்கொருதரம் அழைத்து அவர்களுடைய கைத்தொலைபேசியின் மின்கலத்தைத் தீர்த்துவிடாதீர்கள். நாளுக்கு இரண்டு வேளை, நேரம் குறித்துப் பேசினால் போதும்.