கொல்லிமலை ஆகாய கங்கைக்கு போறீங்களா? இறங்கும் முன்பே ஏறுவதை கணக்கு போடுங்க!

நாமக்கல்,

ரெண்டு நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்துவிட்டால் நாமக்கல், சேலம், ஈரோடு, திருச்சி பக்கத்து ஜனங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கொல்லிமலைதான். மலைக்கு போகிறவர்கள் எல்லோருமே பார்க்க ஆசைப்படுவது ஆகாய கங்கை அருவி. சுமார் 300 அடி உயரத்தில் இருந்து அய்யாறு அப்படியே விழுகிறது. சுற்றிலும் காடு, செங்குத்தான பாறை. அண்ணாந்து பார்த்தால் தண்ணீர் வானத்தில் இருந்து கொட்டுவது போலவே இருக்கும். பெயருக்கு ஏற்ற அருவிதான்.

ஆனால் பஸ்சை விட்டு இறங்கினால் எதிரே அருவி என்று நினைத்து போனால் ஏமாற்றம்தான். பெரியகோவிலூரில் உள்ள அறப்பளீசுவரர் கோவில் அருகில் இருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் காட்டுக்குள் இறங்க வேண்டும். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

பழனிக்கு நேர் எதிர்

பழனி மலைக்கு 693 படி. அது நம்மில் பல பேர் ஏறிய மலைதான். அங்கே கால் தெம்பாக இருக்கும்போது ஏறுகிறோம். முடியாவிட்டால் பாதியில் திரும்பி இறங்கிவிடலாம். விஞ்ச் இருக்கிறது, ரோப் கார் இருக்கிறது.

ஆகாய கங்கையில் எல்லாமே உல்டா. முதலில் இறக்கம். பேசிக்கொண்டே, பாட்டு பாடிக்கொண்டே ஜாலியாக இறங்கிவிடலாம். தண்ணீரில் ஆட்டம் போட்டு, களைத்து, பசித்து, ஈரத்துணியோடு நிற்கும்போதுதான் ஏற்றம் ஆரம்பிக்கிறது. விஞ்சும் கிடையாது, ரோப் காரும் கிடையாது. இறங்கிய அத்தனை படியும் ஏறித்தான் ஆகணும். மாடிக்கு 20 படி என்று வைத்தால் ஏறக்குறைய 50 மாடி. சென்னை எல்.ஐ.சி. கட்டிடம் 14 மாடி. அதுபோல் மூன்று கட்டிடத்துக்கும் மேலே.

இறங்குவது சுலபம் என்பதும் பாதி உண்மைதான். ஒவ்வொரு படியிலும் உடம்பின் பாரம் மொத்தத்தையும் தொடையும் முட்டியும் தாங்கி நிறுத்துகின்றன. அதனால்தான் கீழே போய் சேரும்போதே பல பேருக்கு தொடை வெடவெடவென்று நடுங்குகிறது. அந்த நடுக்கத்தோடுதான் மேலே ஏற வேண்டும். திரும்பும் வழியில் எதிரே வருகிறவர்களை பார்த்து, "அண்ணே, இன்னும் எத்தனை படிண்ணே இருக்கு?" என்று கேட்காத ஆளே கிடையாது.

எனவே இதய நோய், ஆஸ்துமா, கட்டுப்படாத ரத்த அழுத்தம், முட்டி வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கோவிலோடு நின்றுகொள்வதே நல்லது. சர்க்கரை நோயாளிகள் டாக்டரிடம் கேட்டுவிட்டு, மாத்திரையோடு ரெண்டு மிட்டாயும் பையில் வைத்துக்கொண்டு போகணும். ஏறும்போது நெஞ்சில் பாரம், இடது கையில் வலி, குப்பென்று வியர்வை வந்தால் "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று ஏறவே கூடாது. அங்கேயே உட்கார வைத்து, மேலே ஆள் அனுப்ப வேண்டும். பள்ளத்துக்குள் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. ஆம்புலன்ஸ் மேலேதான் நிற்கும், ஆளை படி வழியாக தூக்கித்தான் கொண்டுவர வேண்டும். கைக்குழந்தையை கூட்டிப்போவதாக இருந்தால், அதை தூக்கிக்கொண்டு ஆயிரம் படி ஏறப்போவது யார் என்று வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள்.

மதியத்துக்குள் கீழே இறங்கணும்

நாமக்கல்லில் இருந்து போகிறவர்களுக்கு காரவள்ளியில் மலைப்பாதை தொடங்குகிறது. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்சில் வாந்தி வரும் ஆசாமிகள் வயிறு முட்ட சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டாம். ஒரு எலுமிச்சம்பழம் கையில் இருந்தால் தேவலை. மலை மேல் பெரிய ஊர் செம்மேடு. சில பஸ்கள் கோவில் வரை போகும், சில செம்மேட்டோடு நின்றுவிடும். ஏறும்போதே கண்டக்டரிடம் ரெண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். பஸ் எதுவரை போகும்? சாயங்காலம் திரும்ப கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

அந்த கடைசி பஸ்சை வைத்துத்தான் பின்னோக்கி கணக்கு போடணும். இறங்க முக்கால் மணி நேரம், குளிக்க ஒரு மணி நேரம், ஏற ஒன்றரை மணி நேரம், வயசானவர்கள் இருந்தால் ரெண்டு மணி நேரம். ஆக, பதினோரு மணிக்குள் முதல் படியில் கால் வைத்தால் நிம்மதி. விடிகாலையில் கிளம்பினால்தான் இது நடக்கும். பிற்பகலில் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் வனத்துறையினர் யாரையும் கீழே விடுவதும் இல்லை. "ரொம்ப தூரத்தில் இருந்து வர்றோம் சார்" என்று கெஞ்சி பிரயோஜனம் இல்லை. காட்டுக்குள் சீக்கிரமே இருட்டிவிடும்.

பைக்கில் போகும் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. ஏறும்போது வராத ஆபத்து இறங்கும்போது வரும். 70 வளைவிலும் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறி பிடிக்காமல் போய்விடும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கணும். வண்டியை நியூட்ரலில் விட்டு பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் புத்திசாலித்தனம் இங்கே வேண்டாம். கியர் இல்லாத ஸ்கூட்டர் என்றால் நடுநடுவே நிறுத்தி பிரேக்கை ஆறவிட்டு வரவும்.

வெயில் அடித்தாலும் வெள்ளம் வரும்

வடகிழக்கு பருவமழைக்கு பிறகு அருவியில் தண்ணீர் நன்றாக இருக்கும். கடும் கோடையில் மழை இல்லாவிட்டால் நூல் மாதிரி இறங்கும். அருவியில் வெள்ளம் வந்தால் வனத்துறை குளிக்க தடை போட்டுவிடும். முந்தின நாள் பலத்த மழை என்றால் விசாரிக்காமல் வேன் பேசாதீர்கள்.

தடை இல்லாத நாளிலும் கவனம் வேண்டும். அருவிக்கு வரும் தண்ணீர் மலை மேல் பல ஓடைகளில் இருந்து சேர்ந்து வருகிறது. மேலே எங்கோ மழை கொட்டும், கீழே நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும். தெளிவாக விழுந்த தண்ணீர் திடீரென்று கலங்கி செம்மண் நிறமானால், இலையும் குச்சியும் சேர்ந்து வந்தால், இரைச்சல் கூடினால், ஒரு போட்டோ எடுக்கவும் நிற்காமல் கரையேறிவிடணும்.

300 அடியில் இருந்து தண்ணீரோடு கல்லும் வரலாம். எனவே நேர் கீழே போய் தலையை காட்டவே கூடாது. காற்றில் அடிக்கும் சாரலே ஆளை முழுசாக நனைத்துவிடும். பாறையெல்லாம் பாசி, தண்ணீருக்குள் இருக்கும் பாறை கண்ணுக்கு தெரியாது. குதிப்பது, டைவ் அடிப்பது எல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ளும் வேலை. சரக்கு போட்டுவிட்டு இறங்குகிறவர்களுக்கு புத்தி சொல்லி பயனில்லை. கூடப்போகிற நண்பர்கள்தான் பிடித்து மேலேயே உட்கார வைக்கணும்.

கொண்டுபோக வேண்டியது கொஞ்சம்தான். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், வேர்க்கடலை உருண்டையோ வாழைப்பழமோ, வழுக்காத செருப்பு, மாற்றுத்துணி. சாப்பாட்டு மூட்டையை சுமந்துகொண்டு இறங்க வேண்டாம். கீழே புளியோதரையை ஒரு பிடி பிடித்துவிட்டு ஏறினால் பாதியில் மூச்சு வாங்கும். கையில் பை தெரிந்தால் குரங்குகள் விடாது. ஒருதரம் பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுக்க தடை. காட்டுக்குள் கேட்கவே வேண்டாம்.

படி இறங்க முடியாதவர்கள் மனசு சங்கடப்பட தேவையில்லை. மாசிலா அருவி, நம்ம அருவி என்று சிரமம் குறைவான அருவிகளும் அதே மலையில் உண்டு. வீட்டு பெரியவர்களை அங்கே குளிக்க வைத்து கூட்டிவரலாம்.

ஏறும்போது ஐம்பது படிக்கு ஒருமுறை நின்று மூச்சு விட்டு ஏறினால் மேலே வந்துவிடலாம். வேகமாக ஓடி ஏறுகிறவன்தான் முதலில் உட்காருகிறான். மலை மேல் கடைகளில் முடவாட்டுக்கால் சூப் கிடைக்கும். முட்டி வலி போகும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். போகுமோ போகாதோ, மிளகு போட்டு சுடச்சுட குடித்தால் ஏறி வந்த களைப்புக்கு இதமாக இருக்கும். அந்த ஜோரில் கடைசி பஸ்சை மட்டும் விட்டுடாதீங்க.