இடது கை தாளம், வலது கை சங்கதி

டிரினிட்டி காலேஜ் லண்டனின் எட்டாம் கிரேடு பியானோ தேர்வில் மூன்று பீஸ், ஒவ்வொன்றுக்கும் 22 மதிப்பெண். நோட்ஸ் பிசகாமல் தடங்கலின்றி வாசிப்பதற்கு 7, கை நுட்பத்துக்கு 7, பாவத்துக்கு 8. பெரும்பாலான பிள்ளைகள் முதல் ஏழுக்கு மாதக்கணக்கில் உழைத்துவிட்டு, அந்த எட்டைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். அப்புறம் உடம்பை ஆட்டுவதுதான் மிஞ்சும். அதற்கு மார்க் கிடையாது.

உதாரணத்துக்கு, 1832-இல் அச்சான ஷோபானின் ஓபஸ் 9, இரண்டாம் நாக்டர்ன். (உங்கள் ஆண்டுக்கான தேர்வுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.) அதில் ஒரே மெட்டு நான்கு முறை வருகிறது, ஒவ்வொரு முறையும் கூடுதல் அலங்காரத்தோடு. கச்சேரி கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதிதல்ல. பல்லவியில் சங்கதி போடுவது போலத்தான். முதல் சங்கதியிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுகிற பாடகரை நாம் ரசிப்பதில்லை. இங்கேயும் முதல் முறை வெறுமனே பாடட்டும். உச்சம் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கிறது; சத்தத்தை அதுவரை சேமித்து வையுங்கள்.

இடது கை ஒரு பேஸ் நோட், இரண்டு கார்டு என்று கடைசிவரை நடக்கும். வலது கை கொஞ்சம் முந்தலாம், பிந்தலாம். இடது கையின் தாளம் அசையக் கூடாது. இடது கைதான் நடத்துநர் என்று ஷோபான் சொல்லிவந்ததாக அவருடைய மாணவர் குறிப்பு உண்டு. இதைப் பழக ஒரு வழி: இடது கையை மட்டும் வாசித்துக்கொண்டு, மெட்டை வாய்விட்டுப் பாடுங்கள். மூச்சு வாங்கும் இடத்தைப் பென்சிலால் குறித்தால், வாக்கியம் எங்கே முடிகிறது என்பது தெரிந்துவிடும். குரல் நன்றாக இல்லாவிட்டால் பரவாயில்லை.

பெடலை பேஸ் நோட்டோடு சேர்த்து மிதிக்காதீர்கள். நோட்டை அழுத்தும்போது காலை எடுத்து, அது ஒலித்த பிறகு மிதிக்க வேண்டும். ஒவ்வொரு பேஸ் நோட்டுக்கும் இப்படித்தான்.

ஆலைகள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்தில் பழகுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். பக்கத்து வீட்டில் நைட் ஷிஃப்ட் முடித்தவர் பகலில் தூங்குவார். அதனால் டிஜிட்டல் பியானோவின் வால்யூமைக் குறைத்துவிட்டு, சத்தம் கேட்க வேண்டுமே என்று ஓங்கி அடிக்கப் பழகிவிடுகிறோம். தேர்வு அறையின் நிஜ பியானோவில் அதே அடி இடியாக விழும். வால்யூமைக் கூட்டி ஹெட்போன் மாட்டுங்கள். மெல்லிய நோட்டுகளுக்கு விரல்தான் வேலை செய்ய வேண்டும். 61 கட்டை கீபோர்டு இந்தக் கிரேடுக்குப் போதாது. கனமான 88 கட்டையும் பெடலும் வேண்டும்.

தேர்வுக்கு முன் சென்னையில் ஓரிரு முறையாவது நிஜ பியானோவில் வாசித்துப் பாருங்கள். முதலில் இந்த நாக்டர்னின் மிக மெல்லிய கடைசி இரண்டு கார்டுகளை வாசியுங்கள். அந்தப் பியானோவில் எவ்வளவு மெல்ல வாசிக்க முடியும் என்று தெரிந்தால், மற்ற அளவுகளை அதிலிருந்து வைத்துக்கொள்ளலாம்.