வெளுத்துப்போகும் பவளப்பாறைகள்: மன்னார் வளைகுடாவில் என்ன நடக்குது?

ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை, கரையை ஒட்டி 21 குட்டித் தீவுகள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றித்தான் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் வளர்கின்றன. மீனவர்கள் இவற்றைப் 'பார்' என்பார்கள். 1986-ல் இந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. ஆனால், எந்தக் காவலாலும் தடுக்க முடியாத சிக்கல் ஒன்று உள்ளே வந்துவிட்டது. அதுதான் கடலின் சூடு.

பவளம் ஏன் வெளுக்குது?

பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும், பவளப்பாறையைக் கட்டுவது உயிருள்ள சின்னஞ்சிறு விலங்குகள். அவற்றின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. சூரிய ஒளியில் பாசி தயாரிக்கும் உணவில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. நிறம் கொடுப்பதும் பெரும்பாலும் பாசிதான்.

வழக்கமான கோடை உச்சத்தைவிட கடல்நீரின் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடி, சில வாரங்கள் நீடித்தாலே போதும். பவளம் பாசியை வெளியேற்றிவிடும். உள்ளிருக்கும் வெள்ளைச் சுண்ணாம்புக்கூடு பளிச்செனத் தெரியும்.

அப்போ செத்துப்போச்சா? உடனே இல்லை. அது பட்டினி கிடக்கிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பி வரும். இல்லையென்றால் பவளம் இறந்துவிடும்.

எவ்வளவு இழந்தோம்?

இங்கே 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெரிய அளவில் வெளுப்பு ஏற்பட்டது. 2016-ல் மட்டும் உயிருள்ள பவளத்தின் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாகச் சரிந்தது. மான்கொம்பு போலக் கிளைவிடும் வகைகளுக்கு அடி அதிகம்.

இடைவெளியைக் கவனியுங்க. முதலில் 12 வருஷம், அடுத்து 6 வருஷம். கடுமையாக அடிபட்ட பாறை தேறி வரவே பத்து வருஷமோ அதற்கு மேலோ ஆகலாம். எழுந்து நிற்பதற்குள் அடுத்த அடி விழுந்தால் எப்படித் தேறும்?

நமக்கென்ன?

கடலடியில் பவளப்பாறைகளின் பரப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால், கடல் உயிரினங்களில் சுமார் கால்பங்கு இவற்றை நம்பி வாழ்கிறது. பாறை அழிந்தால் மீன்குஞ்சுகள் ஒளிந்து வளர இடமில்லை. நாட்டுப்படகில் கரையோரம் வலை வீசுபவருக்குத்தான் முதல் நஷ்டம். அலையின் வேகத்தை உடைக்கும் இயற்கை அரணும் போய்விடும்.

தப்பு சூட்டின் மேல் மட்டுமா?

இல்லை. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல ஆண்டுகள் இங்கே பவளத்தை வெட்டி எடுத்தோம். 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே கடலுக்குள் மூழ்கிவிட்டன. கழிவுநீரும் மடிவலையும் பாறைகளை இன்னும் பலவீனமாக்குகின்றன.

கான்கிரீட் அமைப்புகளில் பவளத் துண்டுகளைப் பொருத்தி வளர்க்கும் வேலை நடக்கிறது. கழிவையும் மடிவலையையும் கட்டுப்படுத்தினால் பாறைகளுக்குத் தாங்கும் சக்தி கூடும். ஆனால், இவை அவகாசம் வாங்கித் தருபவை மட்டுமே. பூமியின் வெப்பம் 1.5 டிகிரி உயர்ந்தால் உலகின் பவளப்பாறைகளில் 70 முதல் 90 சதவீதம் வரை குறையும் என்கிறது ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசி. 2 டிகிரி என்றால் 99 சதவீதத்துக்கும் மேல். மன்னார் வளைகுடாவின் கணக்கும் அதற்குள்தான் வருகிறது.